இ.மா.வின் அளவு ரவிக்கை

3 ஜூலை 1979, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டி, நாற்காலி முதுகெல்லாம் ஈரத்துணி.

பாக்கி வேலை: டீச்சரம்மா பாவாடை. செல்லம்மா அக்கா ரவிக்கை இரண்டு, கை மட்டும் வைக்க வேண்டும். கல்யாண வீட்டு ரவிக்கை ஒன்பது, ஆகஸ்ட்டுக்குள். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்குச் செல்லம்மா அக்கா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்து வீடு. வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ரோசி, ஒனக்கு விஷயம் தெரியுமாலா? நடிகை இந்துமாலா வர்றாளாம்! நம்ம சுங்கைப் பட்டாணிக்கு! பதினாலாம் தேதி, மண்டபத்துல ஆட்டம்!"

ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம், டீச்சரம்மா பாவாடையில். உப்புத் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறேன்.

அந்தப் பெயரை இனி இந்த நோட்டில் முழுதாக எழுத எனக்கு மனமில்லை. இ.மா. போதும்.

வீட்டுக்காரர் லோரியை நிறுத்திவிட்டு வந்ததும் மகள் ஸ்டெல்லாதான் சொன்னாள். "பா, யுவர் ஹீரோயின் கமிங்லா." சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார் மனிதர். சர்ச் பூசையில்கூட இவர் இவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். சாப்பாடு அப்படியே ஆறிப்போனது.

5 ஜூலை, வியாழன்

வெயில். கல்யாண வீட்டு ரவிக்கை இரண்டு வெட்டினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. வயிற்றெரிச்சலை எழுதியாவது தீர்க்கலாம்.

என் தொழிலே அவளால் வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

புடைத்த கை: எனக்குப் பதிமூன்று வயது. திகாம் பத்து ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். சம்பளம் போட்ட வாரம் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கூட்டத்தோடு ஆடுகிற பெண்ணாக வந்தவள், மூன்றாவது படத்திலேயே கதாநாயகி. முழங்காலில் காகிதத்தை வைத்து, இருட்டில் அந்தக் கையை வரைந்தேன். மறுநாள் அம்மாவின் கிழிந்த சேலையில் வெட்டினேன். அப்படியே வந்தது!

முக்கால் கை: குருட்டுப் பெண்ணாக நடித்தாளே, அந்தப் படம். தோட்டத்து லயமே மூக்கைச் சிந்தியது. அழுது முடித்த கையோடு பெண்களெல்லாம் துணி கொண்டு வந்தார்கள்.

கை இல்லாதது: இரட்டை வேடம். அக்காவுக்கு நீளக் கை, தங்கைக்குக் கையே கிடையாது. ஃபாதர் பிரசங்கத்தில் அரை மணி நேரம் திட்டினார். யாருக்கும் தெரியாமல் இருந்ததை அவரே தெரியப்படுத்தினார். அந்த வாரம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

அப்புறம் அண்ணி வேடம். இப்போது அம்மா வேடம். முன்பு ஜோடியாக மரத்தைச் சுற்றிப் பாடிய நடிகருக்கே அம்மா! அவர் இன்னும் காலேஜ் பையன். அது ஒன்றுக்கு மட்டும் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அதிகமில்லை.

ஞாயிறு வகுப்பில் இரண்டு பிள்ளைகள், இந்துமாலா தெரேசா, இந்துமாலா மரியா. (எழுதிவிட்டேன் பார், முழுப் பெயரை.) கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் "ஒரு இந்துமாலா ரவிக்கை தைச்சுக் குடுங்கக்கா" என்றுதான். வெட்டுகிறவள் நான். கண் வலிக்கிறது எனக்கு. பெயர் அவளுக்கு.

இவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் காலண்டரில் வெட்டிய அவள் படம். கல்யாணத்துக்கு முந்தியே ஒட்டியது. பெண் பார்க்க வந்தபோது என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ஒன் மூக்கு அப்படியே இந்துமாலா மூக்கு." அன்றைக்கு வெட்கப்பட்டேன், மடச்சி. பதினேழு வருஷமாகிறது. மூக்கைத் தவிர வேறொன்றைப் பற்றியும் இந்த மனிதர் வாய் திறக்கவில்லை.

8 ஜூலை, ஞாயிறு

பூசை. கோயில் வாசலில் ஒரே பேச்சு, அவள் பேச்சு. "கெழவியாயிட்டாளாம்." "எங்க, இன்னும் இடுப்பு அப்படியே இருக்காம்லா." "எல்லாம் பவுடருதான்." கடைசிப் பேச்சு காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இவர் ஏழாவது வரிசையில் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். போன மாதம் என் கண்ணாடியை மாற்றக் கேட்டபோது, "அப்புறம் பாக்கலாம்." சட்டையை இவரே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கிறதே!

பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் அவளை. சுருக்கம் எத்தனை, சாயம் எவ்வளவு என்று பார்த்து வந்து இவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

12 ஜூலை, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் வாசலில் பெரிய கெரேத்தா, கார் கதவைத் திறந்து ஒருவர் இறங்கினார். ஜவுளிக்கடை சண்முகம் முதலாளி. இ.மா.வை வரவழைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"ரோசிம்மா, பசியாறியாச்சா? ஒரு அவசரம். இந்துமாலா அம்மாவோட பெட்டி ஒண்ணு ப்ளேன்ல வரல. மேடைக்குப் போடற ரவிக்கையெல்லாம் அதுலதான். சனிக்கெழமைக்குள்ள ஒண்ணு தைச்சாகணும். ஒங்க கையிதான் கைன்னு ஊரே சொல்லுது."

கறுப்புச் சாட்டின் துணி, அவர் கடையிலிருந்து. காகிதத்தில் சுற்றிய அளவு ரவிக்கை ஒன்று. இ.மா.வுடையது. அவள் உடம்பில் இருந்தது!

இன்னொன்றும் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் அந்த ரவிக்கையை அவர் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பாராம். 'இந்துமாலா அணிந்தது. தைத்தவர் ரோசி, பாக்கார் ஆராங்' என்று எங்கள் இடத்தின் பெயரோடு போர்டு. மேடையில் மைக்கிலும் என் பெயரைச் சொல்வாராம். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாராம்.

என் பெயர். அவள் பெயருக்குப் பக்கத்தில். ஊரே பார்க்கும். இவரும் பார்ப்பார்.

இவர் வந்து அளவு ரவிக்கையைப் பார்த்தார். தொடவில்லை. கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார். "நல்லா தைச்சிரு ரோசி" என்றார். கண் ரவிக்கை மேலேயே இருந்தது. எனக்காக இல்லை என்று தெரியும்.

13 ஜூலை, வெள்ளி

விடிகாலையில் உட்கார்ந்து நாலு மணிக்கு முடித்தேன். பசியாறவில்லை. மழை தூறல்.

அளவு ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மெட்ராஸ் தைலராம்! வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றாக இல்லை. இடது அக்குள் ஒரு விரல் மேலே ஏறியிருக்கிறது. இடது பக்கத்தில் மட்டும் உள்ளே தடித்த துணியில் ஒரு பை. மேலே வாய் திறந்த பை.

பையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. காசுப் பை! தோட்டத்தில் எல்லாப் பெண்களும் கேட்பார்கள், "ரோசி, உள்ள ஒரு பை வெச்சிரு, சுருக்குப் பை நிக்கிற மாதிரி." அம்மாவுக்கே எத்தனை தைத்திருக்கிறேன். அடேயப்பா, இத்தனை பெரிய நடிகைக்கும் காசு மேல் அவ்வளவு பயமா?

இவரிடம் சொன்னேன். "ஒங்க மகாராணி காச நெஞ்சுல முடிஞ்சு வெச்சுக்கிட்டுதான் ஆடுவாங்க போல." கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நன்றாக இருந்தது.

மேடையில் காசு எதற்கு? பையை விட்டுவிட்டேன். அக்குளை இறக்கினேன். வலது பக்கத்தை அளவாக வைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினேன். மெட்ராஸ்காரன் விட்ட தப்பைப் பாக்கார் ஆராங்காரி திருத்தினாள் என்று இருக்கட்டும். தையலில் ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்நாளில் இதைவிட நன்றாக ஒன்றும் தைத்ததில்லை.

முதலாளியின் டிரைவர் வந்து வாங்கிப் போனார். பாவாடையில் ரத்தக் கறை இன்னும் போகவில்லை.

15 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். இவரும் ஸ்டெல்லாவும் போயிருக்கிறார்கள். நேற்று நடந்ததை எழுத வேண்டும். இவர் தமிழ்ப் பத்திரிகையில் படம் மட்டும் பார்க்கிறவர். ஸ்டெல்லா எழுத்துக் கூட்டி இதைப் படிப்பதற்குள் கிழவியாகிவிடுவாள். ஆனாலும் இனி இந்த நோட்டு துணி மூட்டைக்கு அடியில்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி டிரைவர். "அம்மா ஒங்கள கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஊசி நூலெல்லாம் எடுத்துக்குங்க." பாராட்டத்தான் என்று நினைத்து நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ரெஸ்ட் ஹவுஸ். அறை வாசலில் இ.மா.வோடு மெட்ராஸிலிருந்து வந்த சரோஜா அம்மா. அவளுக்கு எல்லா வேலையும் செய்கிறவர். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டார். "அளவு ஜாக்கெட் குடுத்தா அதே மாதிரி தைக்க மாட்டீங்களா உங்க ஊர்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "அதுல தப்பு இருந்திச்சும்மா. நான் சரி பண்ணித் தைச்சேன்."

கண்ணாடி முன்னால் இ.மா. பவுடர் இல்லை. மூக்குக் கண்ணாடி. முடி கொஞ்சம்தான், எலிவால். சுருக்கங்களை எண்ணத்தான் போயிருந்தேன். எண்ணவும் ஆரம்பித்தேன். ஆனாலும் அழகு! அதுதான் தாங்கவில்லை.

என் கறுப்பு ரவிக்கையைப் போட்டிருந்தாள். வலது பக்கம் அச்சில் வார்த்தது போல. இடது பக்கம் துணி மடிந்து தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"அது தப்பு இல்லம்மா" என்றாள். படத்தில் கேட்ட அதே குரல். "அந்தப் பக்கம் எனக்கு இல்ல. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. மூணு வருஷமாச்சு."

"நான் காசுப் பைன்னு நெனச்சேன்" என்று உளறிவிட்டேன்.

"காசுப் பையா!" சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சரோஜா அம்மாவும் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்ற பிறகு சொன்னாள். "மெட்ராஸ்ல என் தைலருக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அம்மா வேஷம்கூடக் குடுக்க மாட்டாங்க. பாவம்னு சொல்லிட்டு வேற ஆளப் போட்டுடுவாங்க."

பிரித்தேன். வேறென்ன செய்ய? அக்குளை ஏற்றினேன், பை வைத்தேன். ப்ளேனில் வந்தபோது அவள் உள்ளே வைத்திருந்தது வெறும் பஞ்சு. மேடையில் கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிடுமாம். கனமானது காணாமல்போன பெட்டியில். கனத்துக்கு என்ன செய்வது? சமையல்கட்டுக்குப் போய் சமையல்கார மலாய்ப் பாச்சிக்கிடம் ஒரு கப் காச்சாங் ஹீஜாவ் கேட்டேன். நடிகை பயறுக் கஞ்சி கேட்கிறாள் என்று நினைத்துச் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தார், பாவம். பச்சைப் பயறைத் துணியில் கட்டி, சுற்றிலும் பஞ்சு வைத்து, வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து உருட்டினேன். பிரித்த தடம் தெரியாமலிருக்க, சரோஜா அம்மா ஒரு சேலைக் கரையை வெட்டிக் கொடுத்தார். இரண்டு கையிலும் தங்கக் கரை வைத்தேன்.

ரவிக்கை உள்பக்கம் வெளியே தெரிய என் மடியில் கிடந்தது. கடைசித் தையல். சரோஜா அம்மா குளியலறையில். அப்போதுதான் வெளியே முதலாளி குரல். "அம்மா, பேப்பர்காரர் வந்திருக்காரு. ரோசிம்மாவும் ரவிக்கையும் அம்மாவும் சேந்து ஒரே ஒரு போட்டோ. கண்ணாடிப் பெட்டி மேல மாட்டறதுக்கு." கதவு கொஞ்சம் திறந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை படத்திலும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பயந்துபோய், துணியை இழுத்து நெஞ்சில் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்து போய்க் கதவை மறித்துக்கொண்டு வெளியே வந்தேன். யோசிக்கவே இல்லை. வாய் பேசிவிட்டது.

"ரவிக்கை கெட்டுப்போச்சு முதலாளி. வெட்டுல தப்பு பண்ணிட்டேன். சரி பண்ண முடியல. சரோஜா அம்மா கைப்பெட்டியில மெட்ராஸ் ரவிக்கை ஒண்ணு கெடந்துச்சு, அதுவும் கறுப்புதான், தங்கக் கரை வெச்சது. அதத்தான் போடப் போறாங்க."

"என்னாம்மா இது! ஊரு பூரா சொல்லி வெச்சிட்டேனே!"

"மன்னிச்சிருங்க."

பேப்பர்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. காமிராவை மூடிக்கொண்டு போனார்கள். இனி இந்த ரவிக்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கேட்க மாட்டார்கள், உள்ளே இருக்கிற பையையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

உள்ளே வந்து கடைசித் தையலைப் போட்டேன். போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், திரும்பினாள், குனிந்தாள். நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் என்னம்மா?" என்றாள்.

ரவிக்கை தைத்துக் கொடுத்து ஒரு நாளாகிறது. பெயரே தெரியாது அவளுக்கு! அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. ரோசி என்றேன்.

சாயந்தரம் மண்டபம். ஏழாவது வரிசை. விளக்கு வந்ததும் விசில். கறுப்பு ரவிக்கை, தங்கக் கரை. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. குருட்டுப் பெண் காட்சியை நடித்துக் காட்டினாள். மண்டபம் முழுக்க அழுதது. இவர் அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

முதலாளி மைக்கைப் பிடித்தார். என் பெயரைச் சொல்லவும் சொன்னார். "நம்ம பாக்கார் ஆராங் ரோசிம்மாதான் ரவிக்கை தைக்கறதா இருந்துச்சு. அம்மாவ நேருல பாத்ததும் கை நடுங்கி, துணிய நாசம் பண்ணிட்டாங்க. நல்ல வேள, மெட்ராஸ் சரக்கு கைவசம் இருந்துச்சு!"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா, "மா, வாட் ஹேப்பண்ட்?" என்று என் முழங்கையைப் பிடித்தாள். மேடையில் அவள் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. எப்படிச் சொல்வாள்?

வீட்டுக்கு வந்ததும் இவர் வாசலில் சாவியைத் திருப்பிக்கொண்டே, "அந்தக் கையில கரை வெச்ச நேர்த்திய பாத்தியா? மெட்ராஸ் தையலுன்னா அதுதான். நீயும்தான் இத்தன வருஷமா தைக்கிற."

பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன்.

18 ஜூலை, புதன்

கடும் வெயில். துணியெல்லாம் ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

கல்யாண வீட்டிலிருந்து வந்து மீதி ஏழு ரவிக்கைத் துணியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். "ஒங்களுக்குக் கண்ணு செரியில்லைன்னு சொன்னாங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க." தப்பாகத்தான் நினைத்தேன்.

செல்லம்மா அக்கா: "ஏன்லா ரோசி, அவளப் பாத்து அப்படியா நடுங்கிட்ட? நானா இருந்தா..." நீங்களாக இருந்தால் மைக்கே தேவைப்பட்டிருக்காது அக்கா. சொல்லவில்லை.

ஒரு வார்த்தை போதும் எனக்கு. செல்லம்மா அக்கா காதில் போட்டால் கூலிம் வரைக்கும் பொழுது சாய்வதற்குள் போய்விடும். என் கையும் சுத்தமாகும், இவர் அலமாரிப் படமும் கிழியும். இன்றைக்கு மூன்று தடவை வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

அவள் மேல் எனக்கு அன்பெல்லாம் வந்துவிடவில்லை. அப்படி எழுதினால் பொய். இப்போது இன்னும் பொறாமை. ஒரு பக்கம் பச்சைப் பயறை வைத்துக்கொண்டு அத்தனை பேரைக் கட்டிப் போட்டாளே. எனக்கு இரண்டும் இருக்கிறது, பத்து விரலும் இருக்கிறது. வீட்டில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை.

20 ஜூலை, வெள்ளி

மழை. வேலை இல்லை. டீச்சரம்மா பாவாடைக்கு வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

இவர் சீக்கிரம் வந்துவிட்டார். தேத்தண்ணி கேட்டார். கொடுத்தேன். ஒரு வாரமாக முகம் கொடுக்காதவர், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போகட்டும் ரோசி. யாருக்கும் தப்பு வரும்."

கப்பை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சின்னப் பையன் மாதிரி, மெதுவாக:

"நீ ரெண்டு மணி நேரம் அவங்க கூட இருந்திருக்க. சொல்லேன். பக்கத்துல பாத்தா எப்படி இருந்தாங்க?"

எலிவால் முடி. மூக்குக் கண்ணாடி. கண்ணுக்குக் கீழே சுருக்கம், இரண்டு பக்கமும். மடிந்து தொங்கிய துணி. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது. இந்தக் கேள்விக்காகத்தானே போனேன்.

"படத்துல இருக்கிற மாதிரியேதான் இருந்தாங்க" என்றேன். "ஒண்ணும் கொறையல."

இவர் முகம் அப்படி மலர்ந்தது. பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்காக அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. எழுதும்போதும் எரிகிறது.